பேர்ள் ஜாம்: முப்பத்தைந்து ஆண்டு மேடை வாழ்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமை பின்னேரங்களில் என்னிடம் கிற்றார் பழக வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிச் செல்ல வந்து வாசலில் காத்திருக்கும் பெற்றோரும், பேர்ள் ஜாம் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே பதிலைப் பலமுறை சொல்ல நேர்ந்ததால் மட்டும் இதை எழுதவில்லை. ஒரு பாட்டு மேடையில் ஆண்டுக்கணக்காகப் பாடப்படும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதை இந்தக் குழுவைப் போல எனக்குக் கற்றுத்தந்தவர்கள் வேறெவரும் இல்லை. அதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று விரும்பினேன்.

பேர்ள் ஜாம் குழுவினர் யார்? எப்படிச் சேர்ந்தார்கள்?

அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில் 1990ஆம் ஆண்டு உருவான குழு இது. இதன் தொடக்கம் ஒரு சாவீட்டிலிருந்து வந்தது என்றே சொல்ல வேண்டும். கிற்றார் கலைஞர் ஸ்டோன் கொசார்டும் பேஸ் கிற்றார் வாசிக்கும் ஜெஃப் அமென்டும் அதற்கு முன் மதர் லவ் போன் என்ற குழுவில் இருந்தார்கள். அதன் பாடகர் அன்ட்ரூ வூட், முதலாவது முழுநீள இசைத்தட்டு வெளிவருவதற்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 1990 மார்ச் மாதத்தில் போதைப்பொருளால் இறந்துபோனார். எஞ்சிய இருவரும் மைக் மக்ரெடி என்ற இன்னொரு கிற்றார் கலைஞருடன் சேர்ந்து, பாடகர் இல்லாமலே சில மெட்டுகளைப் பதிவுசெய்து, ட்ரம்ஸ் வாசிப்பவராகத் தங்களோடு வருமாறு ஜாக் அயன்ஸ் என்பவரிடம் ஒலிநாடாவைக் கொடுத்தார்கள். அவர் வர மறுத்தார். ஆனால் சான் டியேகோவில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த தன் நண்பர் எடி வெடரிடம் அந்த ஒலிநாடாவைச் சேர்ப்பித்தார்.

வெடர் அதைக் கேட்டுவிட்டுக் கடலில் அலைச்சறுக்கப் போனார். தண்ணீரில் இருந்தபோதே வரிகள் வந்தன. வீட்டுக்குத் திரும்பி, மூன்று மெட்டுகளின் மேல் தன் குரலைப் பதிந்து, ஒலிநாடாவைத் தபாலில் அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி சியாட்டிலில் ஒரு சிறிய விடுதியில் அவர்களுடைய முதலாவது நிகழ்ச்சி நடந்தது. கொசார்ட், அமென்ட், மக்ரெடி, வெடர் ஆகிய நால்வரும் அன்றிலிருந்து இன்றுவரை பிரியவில்லை.

பேர்ள் ஜாமை மாற்று ரொக் குழு என்கிறார்களே, அது என்ன?

1980களில் அமெரிக்கப் பல்கலைக்கழக வானொலிகளிலும் சிறிய பதிவு நிறுவனங்களிலும் வளர்ந்த, பெரிய வணிக வானொலிகள் தொடாத ரொக் இசைக்கு இட்ட பெயர் அது. 1991க்குப் பிறகு அதே இசை உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. பெயர் பொருந்தாமற் போனாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

குழுவின் பெயருக்கு என்ன பொருள்?

முதலில் அவர்கள் வைத்திருந்தது மூக்கி பிளேலொக் என்ற கூடைப்பந்தாட்ட வீரரின் பெயர். பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபின் அதை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வீரரின் மேற்சட்டை இலக்கமான 10, அவர்களுடைய முதலாவது இசைத்தொகுப்பின் பெயராக நிலைத்தது. பேர்ள் என்பது முத்து. ஜாம் என்பதை இங்கே பலரும் பாணுக்குப் பூசும் ஜாம் என்று எண்ணுகிறார்கள். இசைக்கலைஞர்கள் ஒன்றுகூடித் திட்டமின்றி நெடுநேரம் வாசிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

வன்னியில் இருந்த உங்களுக்கு இந்த இசை எப்படிக் கிடைத்தது?

முதலாவது தொகுப்பு 1991 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தபோது நான் பாடசாலைச் சிறுவன். எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி கிடைப்பதும் அரிது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த கம்பியை வானொலிப் பெட்டியில் பொருத்திச் செய்தி கேட்ட காலம் அது. சுற்றுபவரின் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். பாட்டுக் கேட்பதற்காக யாரும் அவ்வளவு நேரம் சுற்றமாட்டார்கள். அந்த ஆண்டுகளில் சியாட்டிலில் நடந்தது எதுவும் எங்கள் காதுக்கு வரவில்லை.

போர்நிறுத்தத்தையடுத்து 2002 ஏப்ரல் மாதத்தில், வன்னி ஊடாகச் செல்லும் ஏ9 வீதி திறக்கப்பட்டபின், ரொறொன்ரோவிலிருந்து வந்த என் மச்சான் ஒருவர் மூன்று இறுவெட்டுகளை எனக்கென்று விட்டுப்போனார். இரண்டு, கடையில் விற்பவை. மூன்றாவது, சாதாரண மட்டையால் செய்த உறைக்குள் இருந்தது. அதில் ஒரு நகரத்தின் பெயரும் ஒரு திகதியும் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன. அது ஒரு நிகழ்ச்சியின் முழுப்பதிவு. மின்பிறப்பாக்கி ஓடும் மாலை நேரங்களில் அந்த மட்டை உறை இறுவெட்டைத்தான் நான் அதிகம் கேட்டேன். பாட்டுக்கு முன்னும் பின்னும் வந்த சனத்தின் இரைச்சலும், பாடகர் மூச்சு வாங்குவதும், கிற்றாரைச் சுருதி சேர்க்கும் சிறு ஒலிகளும் எனக்குப் பாட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

‘அலைவ்’ என்ற பாட்டை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

வெடர் தபாலில் அனுப்பிய மூன்று பாட்டுகளுள் ஒன்று அது. தன்னை வளர்த்தவர் தன் தகப்பன் அல்லர் என்பதையும், குடும்ப நண்பர் என்று தான் எண்ணியிருந்த மனிதரே உண்மையான தகப்பன் என்பதையும், அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்பதையும் பதின்ம வயதில் ஒரேயடியாக அறிய நேர்ந்தவர் வெடர். அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த கதை அது. தான் இன்னும் உயிரோடு இருப்பதாக மீண்டும் மீண்டும் வரும் அந்த வரியை அவர் மகிழ்ச்சியாக எழுதவில்லை. உயிரோடு இருப்பதையே ஒரு சாபமாகக் கருதிய பிள்ளையின் குரல் அது.

ஆனால் மேடையில் அதைப் பாடப் பாட, கேட்டவர்கள் துள்ளிக் குதித்து, கைகளை உயர்த்தி, அதே வரியைக் கொண்டாட்டமாகத் திருப்பிப் பாடினார்கள். பாட்டின் பொருளைச் சனங்களே மாற்றிவிட்டார்கள் என்றும், அதனால் தன்மேலிருந்த சாபம் நீங்கியது என்றும் பிற்காலத்தில் வெடரே சொல்லியிருக்கிறார். 1991இன் பதிவையும், அதற்கு இருபது ஆண்டுகள் பிந்திய ஏதாவதொரு மேடைப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொற்கள் மாறவில்லை, கட்டைகள் மாறவில்லை. ஆனால் இரண்டாவதில் பாடுபவர் ஒருவரல்லர்.

போருக்குப் பின் மீள்குடியேறிய முதலாவது மாரியில், தகரக் கூரையின் கீழ், இந்தப் பாட்டை ஒரு மாணவனுக்குப் போட்டுக் காட்டினேன். மகனைக் கூட்டிப்போக வந்த தகப்பனார் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, என்ன பாடுகிறான் என்று கேட்டார். நான் சுருக்கமாகச் சொன்னேன். “இன்னொருக்கா போடுங்கோ தம்பி” என்றார். மழை கூரையில் அடித்ததில் பாதிப் பாட்டுக் கேட்கவில்லை. முடியும்வரை அவர் சைக்கிளை நிறுத்தாமலும் உள்ளே வராமலும் அப்படியே நின்றார்.

காணொளி எடுப்பதை ஏன் நிறுத்தினார்கள்? நுழைவுச்சீட்டுத் தகராறு என்பது என்ன?

முதலாவது தொகுப்பு மெதுவாகவே விற்பனையானது. 1992இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. 1993இல் வந்த இரண்டாவது தொகுப்பு முதல் வாரத்திலேயே ஒன்பதரை இலட்சம் பிரதிகள் விற்று அக்காலச் சாதனையை முறியடித்தது. விருது பெற்ற ஒரு காணொளி அவர்களை உலகெங்கும் கொண்டுபோயிருந்த அந்த நேரத்தில்தான், இனிக் காணொளி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பாட்டைக் கேட்பவர் மனத்தில் எழ வேண்டிய படத்தைத் தொலைக்காட்சி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பது அவர்களது கவலை. 1998 வரை அந்த முடிவில் நின்றார்கள். உச்சத்தில் இருக்கும்போது விளம்பரத்தைக் குறைப்பது எளிய காரியம் அன்று. குழு நீடித்ததற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

நுழைவுச்சீட்டு விடயம் இன்னும் கடினமானது. 1994இல் தங்கள் நிகழ்ச்சிகளுக்கு 18 டொலர் விலை வைத்து, சேவைக் கட்டணம் அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1 டொலர் 80 சதத்தை, மீறக்கூடாது என்று கேட்டார்கள். அமெரிக்காவின் பெரிய அரங்குகள் பலவற்றுக்குச் சீட்டு விற்கும் உரிமையை ஒப்பந்தங்கள் மூலம் தன்னிடம் வைத்திருந்த டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் அதற்கு உடன்படவில்லை. குழுவினர் அந்நாட்டு அரசின் நீதித் திணைக்களத்திடம் முறையிட்டார்கள். கொசார்டும் அமென்டும் 1994 ஜூன் 30ஆம் திகதி நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார்கள். அந்தக் கோடைகாலப் பயணத்தையே கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு வழக்கமான அரங்குகளைத் தவிர்த்துத் தாங்களே ஏற்பாடு செய்ய முயன்று, பல நிகழ்ச்சிகளை இரத்துச் செய்ய நேர்ந்தது. 1995 ஜூலையில் நீதித் திணைக்களம் விசாரணையை முடித்துக்கொண்டது. 1998இல் குழு மீண்டும் அந்த நிறுவனத்தின் அரங்குகளுக்கே திரும்பியது.

ஆகவே அவர்கள் தோற்றார்கள் என்று சொல்வது சரியே. 2024 மே மாதத்தில் அதே நீதித் திணைக்களம், டிக்கெட்மாஸ்டரையும் அதன் தாய் நிறுவனத்தையும் எதிர்த்து ஏகபோக வழக்குத் தொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அதேபோல, அண்மைய பயணங்களில் பேர்ள் ஜாமின் சீட்டுகளிலும் ஒரு பகுதி, வாங்க விரும்புவோர் கூடக் கூட விலை ஏறும் முறையில் விற்கப்பட்டதும், பழைய இரசிகர்கள் அதனால் மனம் நொந்ததும் உண்மை. அந்த இடத்தில் நான் இரசிகர்கள் பக்கம்.

ரொஸ்கில்ட் விபத்தில் நடந்தது என்ன?

2000 ஜூன் 30ஆம் திகதி டென்மார்க்கின் ரொஸ்கில்ட் இசைவிழாவில், பேர்ள் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு முன்னிருந்த நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். மழையால் நிலம் சேறாகி வழுக்கியது. பின்னாலிருந்து சனம் தள்ள, முன்னே விழுந்தவர்களால் எழ முடியவில்லை. வெடர் பாட்டை நிறுத்தி, எல்லோரையும் பின்னே நகருமாறு கெஞ்சினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. குழு எஞ்சிய ஐரோப்பிய நிகழ்ச்சிகளை இரத்துச் செய்தது. முற்றாகக் கலைந்துவிடலாமா என்றும் யோசித்தது. பின்னர் இறந்தவர்களின் குடும்பத்தினர் சிலரோடு உறவு பேணினார்கள். 2002இல் வந்த தொகுப்பின் ஒரு பாட்டில் அந்த ஒன்பது பேரும் நினைவுகூரப்படுகிறார்கள்.

எங்கள் ஊர்த் திருவிழாக்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் மேடை போடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். சன நெரிசலில் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்தே இறக்கிறார்கள். நின்ற நிலையிலும் அது நேரலாம். மேடைக்கு முன்னுள்ள இடத்தைத் தடுப்புகளால் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் விடப்படுவோரை எண்ணி விடும் முறையை ரொஸ்கில்ட் விழா பின்னர் கொண்டுவந்தது. ஒலிவாங்கியைக் கையில் வைத்திருப்பவர் உடனே நிறுத்தத் தயாராக இருப்பதும், அவருக்குத் தகவல் சொல்ல ஓர் ஆள் முன்வரிசையில் நிற்பதும் பணச்செலவில்லாத காரியங்கள். மாரி தொடங்கும் மாதங்களில் வயல்வெளியில் மேடை போடுகிறவர்கள் நிலம் எப்படிச் சேறாகும் என்பதை முதலில் பார்க்கட்டும்.

ஒவ்வோர் இரவும் வேறு வேறு பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. பெரும்பாலான பெரிய குழுக்கள், ஒளியமைப்பும் திரைக்காட்சிகளும் முன்கூட்டியே கோக்கப்பட்டிருப்பதால், ஒரு பயணம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வரிசையில் பாடுகின்றன. பேர்ள் ஜாமில், அன்றைய பட்டியலை வெடர் நிகழ்ச்சிக்குச் சில மணிநேரம் முன்புதான் எழுதுகிறார். அந்த ஊரில் முன்பு என்ன பாடினோம், எதைப் பாடாமல் விட்டோம் என்பதைப் பார்த்து எழுதுகிறார். இரண்டரை மணிநேரத்துக்கு மேல் நீளும் நிகழ்ச்சியின் நடுவிலும் பட்டியல் மாறுவதுண்டு.

முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். கண்ணகி சிலம்போடு போவாள் என்பதும் தெரியும். ஆனாலும் அண்ணாவியார் சனத்தின் முகத்தைப் பார்த்து ஓரிடத்தில் பாட்டை நீட்டுவார், மத்தளம் அதற்கு விட்டுக்கொடுக்கும், பிற்பாட்டுக்காரர் ஒரு வரியைக் கூடுதலாகத் திருப்புவார். சென்ற ஆண்டு பார்த்த அதே கூத்தை இந்த ஆண்டும் பார்க்கப் போவது அதற்காகத்தான். பேர்ள் ஜாம் இரசிகர்கள் ஒரே பயணத்தில் நான்கைந்து நகரங்களுக்குப் பின்தொடர்வதும் அதற்காகத்தான்.

இதனால்தான் 2000ஆம் ஆண்டுப் பயணத்தின் ஏறக்குறைய எல்லா நிகழ்ச்சிகளையும் முழுமையாக, 72 தனித்தனிப் பதிவுகளாக, குறைந்த விலையில் வெளியிட்டார்கள். இரசிகர்கள் திருட்டுப் பதிவுகளுக்குப் பெரும்பணம் கொடுத்து, தரங்குறைந்த ஒலியைக் கேட்பதற்கு இது அவர்கள் கொடுத்த பதில். அவற்றுள் ஐந்து, ஒரே வாரத்தில் அமெரிக்கப் பட்டியலில் நுழைந்தன. என் மச்சான் விட்டுப்போன மட்டை உறை இறுவெட்டு அந்த வரிசையைச் சேர்ந்தது.

ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருந்தார்கள்?

முதல் எட்டு ஆண்டுகளில் நால்வர் மாறினார்கள். அவர்களுள் நான்காமவர், முதலில் வர மறுத்த அதே ஜாக் அயன்ஸ். 1994இல் சேர்ந்து, பயணங்களின் களைப்பால் 1998இல் விலகினார். அவருக்குப் பின், சவுண்ட்கார்டன் குழுவைச் சேர்ந்த மட் கமரன் 27 ஆண்டுகள் வாசித்தார். 2024 ஏப்ரலில் வெளியான பன்னிரண்டாவது தொகுப்புக்கான பயணம் 2025 மே மாதத்தில் முடிந்தபின், ஜூலையில் அவர் விலகுவதாக அறிவித்தார்.

2022 மே மாதத்தில் கமரனுக்குக் கொரோனாத் தொற்று ஏற்பட்டு அவர் வாசிக்க முடியாமற்போனபோது நடந்ததை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். நிகழ்ச்சியை நிறுத்தாமல், ஒக்லண்ட் நகரில் வெவ்வேறு ஆட்களை ட்ரம்ஸுக்கு அமர்த்தினார்கள். அவர்களுள் ஒருவன் அயலூர்ப் பாடசாலை மாணவன். ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஒரு பாட்டுக்கு வாசித்துவிட்டு இறங்கினான். பாட்டைப் பழகி வைத்திருந்தவனுக்கு மட்டுமே அந்த இருக்கை கிடைத்திருக்கும்.

அறுபது வயதை ஒட்டியும் எப்படிப் பாட முடிகிறது?

எப்போதும் முடிவதில்லை. 2024இல் நோய் காரணமாக லண்டனிலும் பெர்லினிலும் நிகழ்ச்சிகளை இரத்துச் செய்தார்கள். மக்ரெடி இளமையிலிருந்தே குரோன் எனப்படும் குடல் நோயோடு வாழ்கிறார். அதை மறைக்காமல் பேசி, அதே நோயுள்ளவர்களுக்காக நிதி திரட்டுகிறார். வெடர் பழைய உச்சக் குரலை எல்லா இடத்திலும் பிடிப்பதில்லை. சில இடங்களைச் சனத்திடம் விட்டுவிடுகிறார். அவர்களோடு ஒரே காலத்தில் எழுந்த சியாட்டில் பாடகர்களான கேர்ட் கோபேன் 1994இலும், லேய்ன் ஸ்டேலி 2002இலும், கிறிஸ் கோர்னெல் 2017இலும் போய்விட்டார்கள். அதை அறிந்து கேட்கும்போது, தேய்ந்த குரல் எனக்குக் குறையாகத் தெரிவதில்லை.

இடம்பெயர்ந்தவர்களுக்காகப் பாடியிருக்கிறார்களா?

ஆம். இரசிகர் மன்றத்துக்கென்று பதிந்த ஒரு பழைய காதற் சோகப் பாட்டு, 1999இல் வானொலிகளில் எதிர்பாராமல் பரவியபோது, அதைக் கடைகளுக்கு விட்டு, வருமானத்தைக் கொசோவோ அகதிகளுக்குக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தனிப்பாட்டுப் பட்டியலில் அவர்கள் எட்டிய மிக உயர்ந்த இடமான இரண்டாம் இடம் அந்தப் பாட்டுக்கே கிடைத்தது. அதே ஆண்டில் நாங்களும் மூட்டை முடிச்சுகளோடு வீதியில் இருந்தோம். உலகின் இன்னொரு மூலையில் கூடாரத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பாட்டு அரிசியாகப் போயிருக்கிறது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது எனக்குப் பொறாமை வரவில்லை, மகிழ்ச்சியே வந்தது. 2018இல் சியாட்டிலில் நடத்திய இரண்டு நிகழ்ச்சிகளையொட்டி, வீடற்றவர்களுக்காக 1 கோடி டொலருக்கும் மேல் திரட்டினார்கள்.

தெற்காசிய இசையோடு தொடர்பு உண்டா?

மரண தண்டனை பற்றிய ஹொலிவூட் திரைப்படமொன்றுக்காக, கவ்வாலி எனப்படும் சூஃபி பக்தி இசையின் பாகிஸ்தானிய மேதை நுஸ்ரத் ஃபதே அலி கானோடு வெடர் இரண்டு பாட்டுகளைப் பாடியிருக்கிறார். 1990களின் நடுப்பகுதி அது. நுஸ்ரத்தின் ஆலாபனை உயரும்போது வெடர் தன் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்துக் கேளுங்கள்.

கிற்றார் பழகும் பிள்ளை எதிலிருந்து தொடங்கலாம்?

வேகமான தனிவாசிப்பிலிருந்து தொடங்க வேண்டாம். மக்ரெடியின் தனிவாசிப்புகள் கவர்ச்சியானவை. ஆனால் குழுவைத் தாங்குவது கொசார்டின் வலது கை. அவர் தந்திகளை அடிக்கும் அளவுக்கு அடக்கவும் செய்கிறார். அந்த அடக்கும் இடங்களில்தான் தாளம் இருக்கிறது. இடது கை விரல்களைத் தந்திமேல் மெதுவாக வைத்து, ஒலி எழாமல் வெறும் தட்டலாக நான்கு நிமிடம் வாசித்துப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கட்டையைச் சேருங்கள். பேஸ் பழகுபவர்கள், முதலாவது தொகுப்பில் அமென்ட் 12 தந்திகள் கொண்ட பேஸ் கிற்றாரை வாசித்திருப்பதைக் கேட்கலாம். அதை வாங்கத் தேவையில்லை, நான்கு தந்தியே போதும்.

கேட்பதற்கு, முதலாவது தொகுப்பையும் 2024இன் தொகுப்பையும் எடுத்து, இடையில் 2000ஆம் ஆண்டின் மேடைப் பதிவு ஒன்றை வையுங்கள். தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். பேஸ் ஒலி அதில் வராது. காதுக்குள் பொருத்தும் மலிவான ஒலிகேட்பியே அதற்குப் போதும். மேடைப் பதிவில் பாட்டு முடிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், இடையில் வரும் சனத்தின் ஒலியையும் கேளுங்கள். சனிக்கிழமை என்னிடம் வருபவர்களுக்கு அந்த மட்டை உறை இறுவெட்டை இப்போதும் போட்டுக் காட்டுகிறேன். நடுவில் ஒரு கீறல் விழுந்து, ஏழாவது பாட்டு மட்டும் ஓரிடத்தில் துள்ளுகிறது.